நரிமோட்டை மண்

ஸ்கூட்டி நிற்பதற்கு முன்பே கை பைக்குள் போய்விடும். ஐஸ்கிறீம் பெட்டியின் வெள்ளை மூடி ஒன்று வெளியே வரும். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, உழவு இயந்திரத்தின் சில்லுப் பதிந்த பள்ளத்தில் தேங்கிய கலங்கல் தண்ணீருக்கு முன்னால் குந்துவார் சுரேகா ரீச்சர். மூடியால் மெல்ல அள்ளி, வெயிலுக்குச் சாய்த்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, மூக்கு நனையுமளவுக்குக் குனிந்து பார்ப்பார். பள்ளிக்கூட மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருக்கும். அதற்கு இப்போது என்ன செய்ய? கார்த்திகை மழை விழுந்துவிட்டால் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையிலுள்ள நாலு கிலோமீற்றரில் பதினேழு பள்ளங்கள். பதினேழுக்கும் முன்னால் அவர் குந்தியாக வேண்டும்.

துணுக்காயிலிருந்து வவுனியாவுக்குப் போகிற பஸ் அவரைக் கண்டால் வேகம் குறைக்கும். சாரதி தலையை வெளியே நீட்டுவார்.

"என்ன ரீச்சர், ஏதும் துலைச்சுப் போட்டியளோ?"

"இல்லைத் தம்பி. ஆக்கள் வந்திட்டினமோ எண்டு பாக்கிறன்."

ஆக்கள் என்பது ஒரு சதத்துக்கும் பெறுமதியில்லாத, நகக்கண் அளவுப் பூச்சி புழுக்கள். சுரேகா ரீச்சர் அவற்றை ஒருநாளும் 'அதுகள்' என்று சொன்னதில்லை. 'அவையள் வந்திருக்கினம்', 'அவையள் நித்திரை கொள்ளினம்' என்றுதான் கதை. பள்ளிக்கூட அதிபரை மட்டும் 'அந்தாள்' என்பார். மரியாதையை எங்கே வைக்க வேண்டும் என்பதில் அவருக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறார். வயது நாற்பதைத் தொட ஒன்று குறைவு. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் சேத்து ரீச்சர். அது அவருக்குத் தெரியும். "சேத்து ரீச்சர் வந்திட்டன், கொப்பியை எடுங்கோ" என்றுதான் வகுப்புக்குள் நுழைவார். முள்ளந்தண்டிலிகள் பாடம் தொடங்கினால் மனுசிக்கு நேரகாலம் தெரியாது. பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் வந்து வாசலில் நின்று செருமினால்தான் நிறுத்துவார். யாரேனும் ஒரு அரசியல்வாதியை முதுகெலும்பில்லாதவன் என்று திட்டினால் போதும், சண்டைக்கு வந்துவிடுவார். "உலகத்திலை இருக்கிற சீவனிலை முக்கால்வாசிக்கு மேலை முதுகெலும்பில்லாமல்தான் மானமாய்ச் சீவிக்குது. அவனோடை ஏன் அவையளைச் சேர்க்கிறியள்?"

முல்லைத்தீவில் கூடப் படித்த புனிதமலர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் இன்னொரு கூத்து. நண்டுக் கறியைத் தொடமுன் கால்களைக் கழற்றிக் கோப்பை விளிம்பில் வரிசையாக அடுக்கி, சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார். "நீர் சாப்பிட வந்தனீரோ, போஸ்ற்மோட்டம் செய்ய வந்தனீரோ?" என்று புனிதமலர் கத்துவார். ரீச்சரின் கணவர் விஜிதரன் இப்போதெல்லாம் கதிரையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்கிறார்.

சனிக்கிழமைகளில் அதே வவுனியா பஸ்ஸில் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போவார். ஐந்து வருடமாக ஒரு ஆராய்ச்சி. மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றிப்போகிற சின்னக் குளங்களை வன்னியில் மோட்டை என்பார்கள். அந்த மோட்டைகளில் மழை விழுந்து சில நாளில் ஒரு வகை இறால் தோன்றும். ஒரு விரல் மூட்டளவு நீளம், கண்ணாடிபோல் உடல், பதினொரு சோடிக் கால்கள். மல்லாந்து கிடந்து, கால்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டே நீந்தும். தண்ணீர் வற்றும் முன் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டை மட்டும் காய்ந்த மண்ணுக்குள் வருடக்கணக்காய்க் கிடக்கும். வெயில் வெடிக்கும், மாடு மிதிக்கும், ஒன்றும் ஆகாது. "நாங்கள் நேற்று வந்த ஆக்கள்" என்பார் ரீச்சர். "பரிணாமக் கூர்ப்பிலை அவையள் நாப்பது கோடி வருசத்துக்கு முந்தியே வந்து குடியிருக்கினம். உறுதி எழுதின காணி அவையளின்ரை."

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணி மாதத்தில் நரிமோட்டை என்ற பள்ளத்திலிருந்து காய்ந்த மண் அள்ளி வந்தார். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் எடுத்துக் கனகாலமாகியும் அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் போவதில்லை. அடுத்த மாதமே மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்து நரிமோட்டையை ஆழமாக்கி அணை போட்டுவிட்டது. இப்போது வருடம் முழுக்கத் தண்ணீர், அதற்குள் மீன்குஞ்சு. வயல் செய்கிற கமக்காரருக்கு அது பெரிய உதவி, ரீச்சரும் அதைக் குறை சொல்லமாட்டார். ஆனால் மீன் இருக்கிற தண்ணீரில் அந்த இறால் ஒருநாளும் தப்பாது. ஆக, நரிமோட்டை இறால் என்று உலகத்தில் ஏதாவது மிச்சமிருந்தால், அது ரீச்சர் அரிதட்டில் அரித்து, கல் வேர் பொறுக்கி, உரப்பையில் கட்டி, மாட்டுக் கொட்டிலின் கூரை வளையில் எலிக்கு எட்டாமல் தொங்கவிட்ட அந்த எட்டுக் கிலோ மண்ணுக்குள்தான்.

அந்த மண்ணில் ஒரு தட்டளவு எடுத்து முதல் வருடம் நனைத்தார். மூன்று பொரித்தன. இரண்டு குஞ்சிலேயே போய்விட்டன. மூன்றாவது வளர்ந்து ஆணாயிற்று. இந்த இனத்தில் ஆளை அடையாளம் காண்பது ஆணின் தலையிலுள்ள கொம்பை வைத்துத்தான். நுணுக்குக்காட்டியில் பார்த்த ரீச்சர் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். கொம்பின் நுனி இரண்டாகப் பிரிய வேண்டிய இடத்தில் மூன்றாகப் பிரிந்திருந்தது. அப்படி ஒரு கொம்பு அவரிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பேராசிரியர் தில்லைநாதன் நல்ல மனிதர், ஆனால் அவசரப்படமாட்டார். "ஒரு ஆளை வைச்சு ஒண்டும் சொல்லேலாது சுரேகா. பிறப்பிலை வந்த ஊனமாயும் இருக்கலாம். பத்துப் பேரைக் கொண்டு வாரும். ஆணும் பெண்ணுமாய்."

மிச்ச மண்ணை ரீச்சர் இன்னும் ஒரு வருடம் காயவிட்டார். காய்ந்தால்தான் நன்றாகப் பொரிக்குமாம். மார்கழி விடுமுறையில் நனைக்கலாமென்று நினைத்தார். மார்கழியில் வெள்ளம் வந்தது, பரீட்சை தள்ளிப்போனது, விசேட வகுப்புகள் வந்தன. சரி, பொங்கல் முடியட்டும் என்று தனக்குத்தானே தவணை சொன்னார். அதுதான் அவர் விட்ட பிழை.

விஜிதரனின் அக்கா கமலாசனி அதே வளவில் அடுத்த வீட்டில் இருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது, ஏழு மாடு, மூன்று ஏக்கர் வயல். வரம்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த வாய்க்காலுக்குக் கேட்கும் தொண்டை. அந்த வளவில் பொங்கலென்றால் கமலாசனியின் ஆட்சி. வருடாவருடம் புது மண் பிசைந்து மூன்று அடுப்புக் கட்டி பிடித்து, கொட்டிலுக்குள் நிழலில் காயவைத்து, பொங்கலன்று சாணம் மெழுகிய முற்றத்தில் கோலத்துக்கு நடுவில் வைப்பார். போன வருட அடுப்பில் பொங்குவது அவரைப் பொறுத்தவரை நேற்றைய சோற்றைச் சாமிக்குப் படைப்பது போன்றது.

பொங்கலன்று விடிய மழை விட்டிருந்தது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. விஜிதரன் வெடி கொளுத்தினார். ரீச்சர் முழுகி, புதுச் சேலை உடுத்து, தலையில் துவாயோடு நின்று சந்தோசமாகக் கைகூப்பினார். படைக்க வாழையிலை எடுப்பதற்காகக் கொட்டிலுக்குள் போனார். வளையைப் பார்த்தார். கொழுக்கி மட்டும் தொங்கியது. கீழே வைக்கோலுக்கு மேல் அவருடைய உரப்பை நாலாக மடித்து, அழகாக வைக்கப்பட்டிருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "மச்சாள், இதுக்குள்ளை இருந்த மண்?"

கமலாசனி முகம் மலர்ந்து அகப்பையால் அடுப்பைக் காட்டினார். "இந்தா! என்ன வடிவாய் அரிச்சு வைச்சிருக்கிறாய் பிள்ளை, ஒரு கல்லில்லை, ஒரு வேரில்லை. வளவெல்லாம் வெள்ளம், காஞ்ச களிக்கு எங்கை போறதெண்டு நான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான். இந்த வீட்டுக்கு வந்து பதின்நாலு வருசத்திலை நீ முதல்முதலாய்ப் பொங்கலை நினைச்சு ஒரு அலுவல் பாத்திருக்கிறாய்!"

மூன்று கட்டிகளுக்கும் நடுவில் நெருப்பு நாக்கை நீட்டி எரிந்துகொண்டிருந்தது. மேலே சாமிக்குரிய பானை. இழுத்து வெளியே எறிய முடியுமா? பொங்கல் இறங்கும் வரை ரீச்சர் அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தார். பக்கத்தில் நின்ற விஜிதரன் மனைவிக்குப் பக்தி முற்றிவிட்டதென்று நினைத்தார்.

பானை இறங்கியது. விறகை இழுத்துவிட்டு, தணலை அணைக்க வாளித் தண்ணீரைத் தூக்கினார் விஜிதரன்.

"ஊத்தாதேங்கோ!"

அடுத்த வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். நல்ல நாளும் அதுவுமாய் இப்படியா கத்துவது? சூடேறிய மண்ணில் தண்ணீர் பட்டால் மிஞ்சியிருக்கிற உயிரும் அவிந்துபோகும் என்பதை யாருக்கு எப்படிச் சொல்வது? ரீச்சர் சொல்லத் தொடங்கினார், முடிக்க முதல் அழுதுவிட்டார். ஐந்து வருடம், நரிமோட்டை, மூன்று நுனிக் கொம்பு எல்லாம் முன்னுக்குப் பின்னாய் வந்தது.

கமலாசனியின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. "நான் மண் எண்டெல்லே பிள்ளை நினைச்சு எடுத்தனான்."

"மண்தான் மச்சாள்."

"எத்தினை முட்டை இருந்தது?"

"தெரியாது. ஆயிரமும் இருக்கும். ஒண்டுமில்லாமலும் இருக்கும்."

கமலாசனி தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மறுநாள் பட்டிப்பொங்கல். மாடுகளுக்கும் அதே அடுப்பில்தான் பொங்க வேண்டும், அவர் தாய் காலத்திலிருந்து அந்த வளவில் அப்படித்தான். இன்னொரு நெருப்பென்றால் மிச்சமும் சரி. ரீச்சர் அதைக் கேட்கத் துணியவில்லை. கேட்க வேண்டியும் வரவில்லை. கட்டிகள் ஆறியதும் கமலாசனியே சுளகைக் கொண்டுவந்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாய்த் தூக்கி அதில் வைத்தார். "கிணத்தடியிலை மூண்டு செங்கல் கிடக்கு. அதிலை பொங்குவம். மாடு வந்து அடுப்பையே பாக்கப்போகுது?"

அன்று பின்னேரம் முழுக்க ரீச்சர் விறாந்தையில் இருந்து தேக்கரண்டியால் சுரண்டினார். நெருப்புப் பக்கம் கருகிச் செங்கல்லாகியிருந்தது. அதை ஒதுக்கினார். பின்பக்க மண் இன்னும் நரிமோட்டையின் சாம்பல் நிறம்தான். அதை உதிர்த்து, மழைத்தண்ணீர் விட்ட நாலு பேசின்களில் பரப்பினார்.

"நெருப்பைவிட மற்றதுக்குத்தான் மச்சாள் பயமாயிருக்கு" என்றார். "நீங்கள் தண்ணி விட்டுக் குழைச்சனீங்களெல்லே. அவையள் அதை மழை எண்டு நினைச்சிருப்பினம். வெளிக்கிட்டிருந்தால், காயேக்கை எல்லாரும் செத்திருப்பினம்."

கமலாசனி கன்னத்தில் கைவைத்து யோசித்தார். "எல்லாரும் ஏன் பிள்ளை வெளிக்கிடப்போகினம்? நான் கமக்காரி. முதல் மழைக்கு முழு விதைநெல்லையும் எறிஞ்சுபோட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு நிப்பனோ? பாதியை வைச்சிருப்பன். நாப்பது கோடி வருசம் சீவிச்ச சாதிக்கு அந்தப் புத்தியில்லாமல் இருக்குமோ?"

ரீச்சரின் கையில் தேக்கரண்டி நின்றுவிட்டது. ஒரே மண்ணிலுள்ள முட்டைகள் ஒரே மழைக்குப் பொரிப்பதில்லை, கொஞ்சம் எப்போதும் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். இதைச் சொல்ல அவர் தன் ஆராய்ச்சியில் ஒரு முழு அத்தியாயமும் பன்னிரண்டு அட்டவணையும் எழுதியிருந்தார். எழுதினாரே தவிர, அன்று காலை தொடக்கம் அதை அவரே நம்பாமல் இருந்திருக்கிறார்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. பேராசிரியரின் அழைப்பு வந்தது, ரீச்சர் எடுக்கவில்லை. பதினேழு பள்ளங்களையும் திரும்பிப் பாராமல் பள்ளிக்கூடம் போய் வந்தார். சாரதிக்கே மனம் கேட்காமல், "சுகமில்லையோ ரீச்சர்?" என்று விசாரித்தாராம்.

மூன்றாம் நாள் காலை ரீச்சர் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். பால் கறந்த செம்போடு விறாந்தைப் பக்கம் போன கமலாசனியின் குரல் வளவையே எழுப்பியது.

"பிள்ளை! இஞ்சை ஓடி வா! தூசி நடக்குது!"

ரீச்சர் ஓடினார். இரண்டாவது பேசினில் காலை வெயில் விழுந்த மூலையில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் துடித்துத் துடித்து நகர்ந்தன. ஒன்று, ஐந்து, பத்து, எண்ண முடியவில்லை. நாலாவது பேசினிலும் அப்படித்தான். போன உயிர் திரும்பி வந்தது என்று எல்லாரும் சும்மா சொல்லிக்கொள்வார்கள். அன்று ரீச்சருக்கு உண்மையிலேயே வந்தது. அப்படியே ஈர நிலத்தில் இருந்துகொண்டு சிரித்தார். கமலாசனி செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாடா, என்ரை அம்மாளாச்சி" என்று நெஞ்சில் கைவைத்தார். மூன்று நாளாக அவரும் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது.

குஞ்சுகளுக்குக் கமலாசனியின் மாட்டுத் தவிட்டைக் கரைத்து வடித்த தண்ணீர்தான் சாப்பாடு. எட்டாம் நாள் அவை கண்ணாடித் துண்டுகள்போல் மல்லாந்து நீந்தத் தொடங்கின. வந்து பார்த்த கமலாசனிக்கு அது பிடிக்கவில்லை. "என்ன பிள்ளை இது, வெக்கமில்லாமல் வயித்தைக் காட்டிக்கொண்டு? கவிழ்ந்து நீந்தச் சொல்லிக் குடன்." ஆனால் பட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் பேசினை எட்டிப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. ஒருநாள் விஜிதரன் பக்கத்தில் நின்று பல் தீட்டியபோது, "தள்ளி நில், அவையளுக்குப் பற்பசை படப்போகுது" என்று விரட்டினார். அவையள்! ரீச்சர் அதைக் கேட்டும் கேளாதமாதிரி நின்றார்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. மூடி இறுக்கிய போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு வவுனியா பஸ்ஸில் போனார். உள்ளே பதின்மூன்று ஆண்கள், கூடக் கொஞ்சம் பெண்கள். பேராசிரியர் ஆண்களை ஒவ்வொன்றாய் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். ஏழாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதின்மூன்றிலும் கொம்பின் நுனி மூன்றாகத்தான் பிரிந்திருந்தது.

"ஊனமில்லை" என்றார். "இவையள் வேறை ஆக்கள்போலை. மற்ற நாட்டுக்காரருக்கும் காட்டிப் பாக்கவேணும். நீர் எழுதத் தொடங்கும்."

'இவையள்' என்று அவரும் சொன்னதை ரீச்சர் கவனித்தார்.

மண்ணை எப்படிக் கையாண்டது என்று ஆராய்ச்சியில் ஒளிக்காமல் எழுத வேண்டும். ரீச்சர் எழுதினார்: மண் ஒரு தடவை நீர் விட்டு மிதித்துக் குழைக்கப்பட்டது, நான்கு நாள் நிழலில் உலர்த்தப்பட்டது, பின்பு ஒரு பானைப் பொங்கல் பொங்கப்பட்டது. பேராசிரியர் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு, வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டார்.

"அது தெரியாது சேர். ஆனால் பொங்கின புக்கை அடிப்பிடிக்கேல்லை."

மாசி முற்பகுதியில் பேசின்கள் வற்றின. பெண் இறால்கள் வயிற்றுப் பையிலிருந்த முட்டைகளைச் சேற்றில் உதிர்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தன. ரீச்சர் மண்ணைக் காயவிட்டு, இந்த முறை இரண்டு பூட்டுள்ள அலுமாரிக்குள் வைத்தார். ஒரு பூட்டின் திறப்பு கமலாசனியிடம்.

ஒரு பங்கை மட்டும் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நரிமோட்டைப் பக்கம் போனார். அணைக்கு வெளியே, மீன் எட்டாத இடத்தில், பெக்கோ மண் எடுத்த தாழ்வான பள்ளமொன்று கிடந்தது. மழைக்கு நிரம்பும், பங்குனியில் வற்றும். ஸ்கூட்டியை நிறுத்தி, சேலையைச் செருகிக்கொண்டு குந்தினார். பெட்டியின் மூடியைத் திறந்தார். அன்று அள்ளவில்லை, கொட்டினார். பாதி கொட்டியதும் கை நின்றது. வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மிச்சத்தோடு மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.